மொறுமொறுப்பு இருப்பது நாக்கிலா, காதிலா? சிப்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டோரம் எங்கள் நேந்திரம் சிப்ஸ் அடுப்பு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் கேரளம் என்றாலும் கடையில் பேச்சு தமிழ்தான். நடுநடுவே மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பௌதிகம் படித்துவிட்டு அப்பாவின் அடுப்புக்கே திரும்பி வந்தவன் நான். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரிடம் "சிப்ஸ் ருசியில பாதி காதுலதானுங்க இருக்குது" என்று வாயை விட்டேன். பாதி என்பது கடைக்காரன் கணக்கு, அதை விட்டுவிடுங்கள். அன்றிலிருந்து வருகிறவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ருசி நாக்கு சமாச்சாரம். காதுக்கு அங்கே என்ன வேலை?

நாக்கு தனியாகக் கண்டுபிடிப்பது கொஞ்சம்தான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு உமாமி. நம் அறுசுவையில் வருகிற காரம் உண்மையில் எரிச்சல், துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. மற்றதெல்லாம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. வாயிலிருந்து மூக்குக்கு ஏறும் வாசனை பெரிய பங்கு. சூடு, வழவழப்பு, கடிக்கும்போது பல்லில் தெரியும் எதிர்ப்பு, கூடவே சத்தம். இவற்றை மூளை தனித்தனிச் சீட்டாக வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து "சிப்ஸ் நல்லா இருக்குது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

நம் மொழிக்கு இது எப்போதோ தெரியும். மொறுமொறு, கரகர, நறநற, சொதசொத, எல்லாமே காதில் விழுவதை வைத்துச் செய்த சொற்கள். மலையாளத்தில் 'கறுமுறெ' என்பார்கள். பண்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அது போடும் சத்தத்தைத்தான் நாம் பதிலாகச் சொல்கிறோம்.

சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஆராய்ந்து யாரோ பரிசு வாங்கினார்களாமே?

ஆமாம். மாசிமிலியானோ ஜாம்பினி, சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனை 2004ல் வெளிவந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸ் என்றால் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு கனம். அதனால் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் வரும் பிரிங்கிள்ஸை எடுத்துக்கொண்டார்கள். ஆளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, முன்னால் மைக், காதில் ஹெட்போன். முன்பல்லால் ஒரு கடி. அந்தக் கடியின் சத்தமே மைக் வழியாக உடனே காதுக்கு வரும். ஆனால் வழியில் அதைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பினார்கள்.

மொத்தச் சத்தத்தைக் கூட்டினாலும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான பகுதியை மட்டும் கூட்டினாலும், அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். குறைத்தபோது பழசு என்றார்கள். வெவ்வேறு பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகவே பலர் நினைத்தார்களாம். 2008ல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பிழைப்பே அந்த 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஓடுகிறது.

நமத்துப்போன சிப்ஸிலும் அதே உப்பு, அதே எண்ணெய்தான். ஏன் ருசியே இல்லை?

உப்பு அப்படியேதான் இருக்கிறது, போனது சத்தம். வறுத்த துண்டு கண்ணாடி மாதிரி. உள்ளே ஈரம் கிடையாது, சின்னச் சின்னக் காற்று அறைகள் உண்டு. கடித்தால் அந்தச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று உடையும். ஒவ்வொரு உடைசலும் ஒரு துளிச் சத்தம். காற்றிலுள்ள ஈரத்தை மாவுச்சத்து உறிஞ்சிக்கொண்டால் சுவர் உடையாது, வளையும். வளைகிற பொருள் சத்தம் போடாது.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று வீசத் தொடங்கினால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். தகர டப்பாவின் மூடியை அரை மணி நேரம் மறந்தால் போதும். அந்த மாதிரி ஒருநாள் ஒரு அம்மா வந்து, "ஏனுங்க, இன்னைக்கு வாழக்காயே சரியில்லீங்களா?" என்று கேட்டார். காய் அதே தோட்டத்துக் காய். காலையில் வறுத்ததுதான். ஈரம் ஏறியிருந்தது, அவ்வளவே. அவர் குறையைக் காயின் மேல் போட்டார் என்பதைக் கவனியுங்கள். சத்தம் போனதை யாரும் சத்தம் போனதாகச் சொல்வதில்லை, ருசி போய்விட்டது என்றுதான் சொல்வார்கள்.

வாணலியில் எப்போது பதம் வந்தது என்று எப்படித் தெரிகிறது? நேரம் வைத்து எடுப்பீர்களா?

கடிகாரம் சுவரில் தொங்குகிறது, யாரும் பார்ப்பதில்லை. காதால்தான் எடுப்போம்.

பச்சை நேந்திரங்காயில் பாதிக்கு மேல் தண்ணீர். தோலை உரித்துக் கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவுவோம். துண்டு விழுந்தவுடன் 'ஸ்ஸ்ஸ்' என்று அடர்த்தியாக ஒரு இரைச்சல் கிளம்பும். எண்ணெய் கொதிக்கிறது என்போம், உண்மையில் கொதிப்பது காய்க்குள் இருக்கும் தண்ணீர். அது ஆவியாகிக் குமிழாக மேலே வந்து உடைகிற சத்தம் அது. ஜல்லிக்கரண்டியால் கிளறக் கிளற இரைச்சல் மெதுவாக மெலியும்.

முக்கால் பதத்தில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து எண்ணெயிலேயே ஊற்றுவோம். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் அந்த நொடியில் இரண்டடி பின்னால் குதிப்பார்கள். வாணலி முழுக்க ஒரே சீறல், எழும்புகிற நுரை, முகத்தில் அடிக்கும் ஆவி. அந்தத் தண்ணீர் வற்றும்போது உப்பையும் மஞ்சளையும் துண்டுகளின் மேலேயே விட்டுவிட்டுப் போகும். சீறல் அடங்கி, கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் 'பொட் பொட்' என்று குமிழ் உடையும் அளவுக்கு வரும்.

அப்போது கரண்டியைச் சும்மா ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஈரம் இருந்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மெத்தென்று சரியும். பதமானால் ஓட்டுச்சில்லைக் குவித்த மாதிரி 'கலகல' என்று பேசும். அந்தக் கலகலவுக்கும் கருகலுக்கும் நடுவே மூச்சு விடுகிற நேரம்தான் உண்டு. எங்கள் மாஸ்டர் முப்பது வருஷமாக இதைச் செய்கிறார். அடுப்புப் பக்கம் ரேடியோ போட விடமாட்டார். முன்பெல்லாம் அது அவருடைய முசுடு என்று நினைத்திருந்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு தின்றால் என்ன ஆகும்?

இப்போதே செய்து பாருங்கள். ஒரு முறுக்கை வாயில் போட்டு, இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறையும் என்று நினைப்பீர்கள், கூடும். ஆனால் ஆள் மாறிவிடும். கூர்மை போய், வண்டிச் சக்கரம் சரளையில் உருளுகிற மாதிரி கட்டையாகக் கேட்கும்.

கடிக்கும் சத்தம் காதுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, உதட்டைத் தாண்டிக் காற்று வழியாக. கூர்மையான பகுதி அதிகமாக அதில் வரும். இன்னொன்று, பல்லும் தாடை எலும்பும் மண்டையும் வழியாக நேராக உட்காதுக்கு. அதில் கட்டைச் சத்தமே அதிகம். வெளிவழியை விரலால் அடைத்தால் எலும்பு வழியாக வருவது உள்ளேயே சிக்கிப் பெரிதாகிறது. பப்படத்தின் ருசி முதல் வழியில் அதிகம், சீடையின் 'கடக்' இரண்டாவது வழியில் அதிகம். பப்படத்தைக் காதைப் பொத்தித் தின்றால் காகிதம் தின்ற மாதிரி இருப்பது அதனால்தான்.

இரைச்சலான இடத்தில் உப்பு தெரியாது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. இங்கிலாந்தில் ஆன்டி வுட்ஸும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை 2011ல் வந்தது. ஹெட்போனில் வெற்று இரைச்சலைச் சத்தமாக வைத்துச் சாப்பிடக் கொடுத்தால், அமைதியில் தின்றவர்களைவிட உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிந்ததாம்.

என் அனுபவம் ஒன்று. ஊர்த் திருவிழாவில் பந்தலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு போட்டோம். இருபதடியில் செண்டை மேளம். நானே உப்புத் தண்ணீர் கலந்தேன், நானே வாயில் போட்டுப் பார்த்தேன், போதவில்லை என்று இன்னொரு பிடி போட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து மிச்சத்தைத் தின்றால் கரிப்பு தாங்கவில்லை. இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். வெயிலில் வேர்த்துக்கொட்டிய உடம்பு உப்புக்கு ஏங்கியிருக்கலாம், கை தவறியிருக்கலாம். ஆனால் அன்று மேளத்தின் நடுவே நின்று வாங்கித் தின்ற ஒருவரும் உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்கள்தான் மறுநாள் வந்தார்கள்.

விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனாலா?

இதனாலும்தான். கோயம்புத்தூரில் ஏறி வளைகுடாவுக்குப் போய்வருகிற எங்கள் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி யான், ராபின் டாண்டோ இருவரும் அந்த இரைச்சலைக் காதில் போட்டு 48 பேருக்குச் சுவைக் கரைசல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015ல் வெளியான முடிவு: இனிப்பு மங்கியது, உமாமி தூக்கலாகத் தெரிந்தது.

உமாமி என்பது 1908ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசி ரசத்தில் பிரித்தறிந்த சுவை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பழுத்த தக்காளி, காளான், கருவாடு ஆகியவற்றில் இருக்கும் அந்த ஆழமான ருசி. தரையில் தொடாத தக்காளி ஜூஸை மேலே போனதும் பலர் கேட்டு வாங்குவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். விமானத்தில் குறைந்த காற்றழுத்தமும் வறண்ட காற்றும் மூக்கையும் கெடுக்கும், எனவே பழி முழுவதையும் காதின் மேல் போட முடியாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து சுவையைக் கொண்டுபோகும் 'கோர்டா டிம்பானி' என்ற நரம்பு, மூளைக்குப் போகிற வழியில் செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதைக் கடந்துதான் போகிறது. காதில் ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்குக் கொஞ்ச காலம் வாயில் இரும்புச் சுவை தெரிவது இந்த நரம்பு உரசப்படுவதால். பெரிய இரைச்சலும் இதை அசைக்கலாம் என்பது ஊகம் மட்டுமே.

கோலி சோடாவின் சத்தத்துக்கும் உறைப்புக்கும் தொடர்பு உண்டா?

கையில் இருக்கும்வரை உண்டு. அதே ஜாம்பினியும் ஸ்பென்ஸும் 2005ல் சோடாத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். கோப்பையைக் கையில் பிடித்திருக்கும்போது நுரைக்கிற சத்தத்தைக் கூட்டினால் "வாயு அதிகம்" என்றார்கள். வாயில் ஊற்றியபின் அந்த வித்தை பலிக்கவில்லை. சோடாவின் சுள்ளென்ற குத்தலை வாயே நேரடியாக உணர்ந்துவிடுகிறது, காதின் சாட்சி அங்கே தேவைப்படவில்லை. எனக்கு இந்த ஆய்வு மற்றவற்றைவிடப் பிடிக்கும். எங்கே காது பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று காட்டுகிறது.

கோலிக் குண்டு உள்ளே விழும் 'டொப்' பற்றிக் கேட்டால், ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. அடைப்பதற்காகச் செய்தார். அந்த 'டொப்' கேட்டதும் தொண்டை தயாராகிவிடுவது நம் பழக்கம்.

டீக்கடையில் ஆற்றும் சத்தத்தை வைத்தே சூடு தெரியும் என்கிறார் என் மாமனார். நிஜமா?

மாமனார் சொல்வது சரிதான். சுடுதண்ணீரை ஊற்றும் சத்தமும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றும் சத்தமும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பெரும்பாலானவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். குளிர்ந்தது கூர்மையாக, சுடுவது மங்கலாகக் கேட்கும்.

கடையில் பாட்டு போட்டால் வியாபாரம் கூடுமா?

ருசி கூடுமோ இல்லையோ, நடக்கிற வேகம் மாறும். ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்கர் 1986ல் ஒரு உணவகத்தில் பார்த்தார்: மெதுவான இசை போட்டபோது ஆட்கள் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுப் பில்லில் பெரிய மாற்றமில்லை, மதுவின் பில் ஏறியது. பந்திக்கு ஆள் காத்திருக்கிற ஓட்டல்காரர் மெதுவான பாட்டு போட்டால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வார்.

1997ல் ஏட்ரியன் நார்த்தும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு இசையையும் ஜெர்மன் இசையையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஒலித்த நாளில் பிரெஞ்சு ஒயின், ஜெர்மன் இசை ஒலித்த நாளில் ஜெர்மன் ஒயின் அதிகம் போயிற்று. வாங்கியவர்களில் மிகச் சிலர்தான் பாட்டு காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். செண்டை கேட்டால் பாயசம் நினைவுக்கு வருகிறதல்லவா, அந்த வகைதான்.

இனிப்பான பாட்டு, கசப்பான பாட்டு என்று உண்டாமே?

மெல்லிய உயர்ந்த ஸ்வரங்களை, பியானோ மாதிரி வாத்தியத்தை, இனிப்போடு சேர்ப்பதும், தாழ்ந்த ஸ்வரத்தில் முழங்கும் பித்தளை வாத்தியங்களைக் கசப்போடு சேர்ப்பதும் பல சோதனைகளில் வந்திருக்கிறது. ஆன்-சில்வி கிரிசினெல் என்பவரும் ஸ்பென்ஸும் மற்றவர்களும் 2012ல் ஒரே வகை டாஃபியை இரண்டு விதமான இசையோடு கொடுத்தார்கள். உயர்ந்த இசையோடு தின்றபோது கொஞ்சம் இனிப்பாக, தாழ்ந்த இசையோடு தின்றபோது கொஞ்சம் கசப்பாக மதிப்பிட்டார்கள்.

'கொஞ்சம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போடாத காபிக்குப் புல்லாங்குழல் வாசித்தால் இனிக்காது. அந்த டாஃபியில் இனிப்பும் கசப்பும் ஏற்கெனவே கலந்திருந்தன. எதைக் கவனிப்பது என்று மட்டும் இசை விரல் நீட்டிக் காட்டுகிறது. இல்லாத ருசியை எந்த வாத்தியமும் கொண்டுவராது. 'ருசி கூட்டும் ஸ்பீக்கர்' என்று யாராவது விற்க வந்தால் ஒரு பொட்டலம் சிப்ஸ் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சங்குக்குள் பாட்டு வைத்துச் சாப்பாடு பரிமாறிய ஓட்டல் எது?

இங்கிலாந்தில் 'தி ஃபேட் டக்'. அதன் சமையல்காரர் ஹெஸ்டன் புளூமென்தால் அங்கே 2007ல் ஒரு கடலுணவுத் தட்டோடு சங்கையும் கொடுத்தார். சங்குக்குள் ஐபாட், அதில் அலைச் சத்தம். காதில் மாட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களோடு பழகியதில் பிறந்த யோசனை.

சிப்ஸ் பாக்கெட் ஏன் இவ்வளவு படபடக்கிறது? வேண்டுமென்றே செய்வதா?

ஈரமும் காற்றும் புகாத விறைப்பான உறை சத்தம் போடத்தான் செய்யும். அந்தச் சத்தம் "உள்ளே மொறுமொறுப்பாக இருக்கிறது" என்ற எண்ணத்துக்கு உதவுவதால் யாரும் அதை அடக்க அவசரப்படுவதில்லை. ஆனால் எல்லை உண்டு. அமெரிக்காவில் சன்சிப்ஸ் என்ற பண்டத்துக்கு மக்கிப்போகும் உறை கொண்டுவந்தார்கள். அது போட்ட கூச்சல் தாங்காமல் மக்கள் புகார் சொல்லி, 2010ல் பெரும்பாலான வகைகளுக்குப் பழைய உறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. எங்கள் கடையில் செய்தித்தாள் பொட்டலமும் பிளாஸ்டிக் கவரும்தான் நெடுநாள் இருந்தன. இப்போது நைட்ரஜன் அடைத்த பாக்கெட்டும் உண்டு, வெளியூர் போகிறவர்களுக்கு.

டிவி பார்த்துக்கொண்டே தின்றால் அதிகமாகப் போகிறது. அதற்கும் சத்தம்தான் காரணமா?

ஒரு காரணம். ரயன் எல்டர், ஜினா மோர் இருவரும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், ஹெட்போனில் இரைச்சல் அதிகமாக வைத்துத் தாங்கள் மெல்லும் சத்தமே கேட்காதவர்கள் சராசரி 4 ப்ரெட்சல் (முறுக்கு மாதிரி மொறுமொறுப்பான பண்டம்) தின்றார்கள். இரைச்சல் குறைவாக இருந்தவர்கள் 2.75 தின்றார்கள். தான் தின்பது தனக்குக் கேட்டால் கை கொஞ்சம் நிற்கிறது. கடைக்காரன் இதைச் சொல்லக்கூடாதுதான்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. "இப்ப சிப்ஸெல்லாம் முன்ன மாதிரி இல்ல" என்கிறார். காதுதான் காரணமா?

வயது ஏறும்போது முதலில் மங்குவது கூர்மையான ஒலிகள்தான், மொறுமொறுப்புக்குத் தேவையான அதே பகுதி. பல்லும் தாடையும் வலுவாக இருந்தால் எலும்பு வழியாகக் கட்டைச் சத்தம் ஓரளவு தெரியும். வாசனையும் வயதோடு குறைவதுண்டு. எங்கள் அப்பாவும் இதையேதான் சொல்வார். அவருக்குக் கொஞ்சம் கனமாகச் சீவி, நாலு துண்டாக நறுக்கி வறுத்த வறுவலைக் கொடுக்கிறேன். கட்டையாகச் சத்தம் போடும், எலும்பு வழியாகப் போய்ச் சேரும். குறை சொல்வது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பக்கத்தில் யாராவது மென்றாலே எனக்குக் கோபம் வருகிறது. இது திமிரா?

இல்லை. மெல்லுவது, உறிஞ்சுவது மாதிரி சில குறிப்பிட்ட சத்தங்கள் தாங்க முடியாத எரிச்சலைக் கிளப்பும் நிலைக்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001ல் இந்தப் பெயரை வைத்தார்கள். தினசரி வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் காது நிபுணரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வீட்டில் வேறு நேரத்தில் சாப்பிடுவதும், பின்னணியில் மெதுவாக ஏதாவது ஒலிக்க விடுவதும் பலருக்கு உதவுகிறது.

வாங்கும்போது தின்று பார்க்காமலே நல்ல சிப்ஸ் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு பிடியை அள்ளித் தராசுத் தட்டில் போடச் சொல்லிக் காதைக் கொடுங்கள். 'கலகல' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். 'பொத்' என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், எங்கள் கடையாக இருந்தாலும். பஸ் நிற்கிற நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள், இன்ஜின் சத்தத்தில் எல்லாச் சிப்ஸும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.